கைகுலுக்கும் அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: குடிவரவு, ஒருங்கிணைப்பு அமைச்சகம், கோபன்ஹேகன், டென்மார்க்.
பொருள்: நாட்டின் சட்டத்தை மதித்தல் – குடியுரிமைத் தேர்வில் ஒரு கேள்வி சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: கைகுலுக்கல் சட்டம், 2018 டிசம்பர்.

ஐயா / அம்மா,

டேனிஷ் குடிமகனாகப் போகிறவர் விழா மேடையில் அரசுப் பிரதிநிதியின் கையைக் குலுக்கியே ஆகவேண்டும் என்பது பார்வையில் கண்ட சட்டம். உள்ளங்கையில் உள்ளங்கை பட வேண்டும்; கையுறை ஆகாது. அந்நிய ஆணையோ பெண்ணையோ தொட என் மதம் ஒப்பாது என்பவர் வந்த வழியே போகலாம். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. குலுக்கினால் நோய், குலுக்காவிட்டால் குடியுரிமை இல்லை. ஆகவே விழாக்களையே நிறுத்தினீர்கள். பிறகு கைகளுக்குத் தற்காலிக விடுமுறை அளிக்கத் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சட்டத்தின் மீது இவ்வளவு பக்தி வேறெங்கு உண்டு?

குடியேறிய நாட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான், அவரவர் வேதத்துக்கு ஒரு தனிச் சட்டம் கிடையாது என்பதில் இந்த விண்ணப்பத்துக்கு மறுப்பில்லை. எவாஞ்சலிக்கல் லூத்தரன் திருச்சபையை அரசு ஆதரிக்கும், மன்னர் அதன் உறுப்பினராகவே இருப்பார் என்று தங்கள் அரசியல் சாசனம் சொல்வதையும் இங்கே கிளறவில்லை. வீட்டுக்கு வீடு வாசற்படி.

விண்ணப்பம் வேறு இடத்தில் தொடங்குகிறது. 2021-இல் தங்கள் நாட்டுக் கட்சிகள் சில கூடி ஒரு நிபந்தனை சேர்த்தன: சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவருக்கு, அது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக இருந்தாலும்கூட, இனி டேனிஷ் குடியுரிமை இல்லை. நல்லது. அதே ஆண்டு டிசம்பரில் 60 நாள் சிறைத்தண்டனை பெற்றவர் யார் என்று தங்கள் கோப்பில் இருக்கும். கைகுலுக்கல் சட்டம் கொண்டுவந்த அமைச்சர் இங்கர் ஸ்டொய்பெர்க்தான் அவர். குடிவரவு விதிகளை ஐம்பதாவது முறை இறுக்கியதைக் கொண்டாட 2017-இல் கேக் வைத்துப் படம் போட்டாரே, அவரேதான்.

அவர் செய்தது 2016-இல். தஞ்சம் கேட்டு வந்த தம்பதிகளில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் இருவரையும் பிரித்து வைக்க உத்தரவிட்டார். சிறுமிகளைக் காப்பதே நோக்கம் என்றார். கவலை நியாயமானது, குழந்தைத் திருமணம் எந்த மதத்தின் பெயரிலும் நடக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே விசாரிக்கச் சட்டம் சொன்னது, அவர் விசாரிக்கவில்லை. அமைச்சர்களை விசாரிக்கும் ரிக்ஸ்ரெட் நீதிமன்றத்தின் 26 நீதிபதிகளில் 25 பேர் அவரைக் குற்றவாளி என்றனர். நாடாளுமன்றம் அவரைப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று வெளியேற்றியது. அவர் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டிக்கொண்டு வீட்டிலேயே தண்டனையைக் கழித்தார். புதுக் கட்சி கண்டார். 2022 நவம்பர் தேர்தலில் 14 இடங்களோடு திரும்பி வந்தார்.

தங்கள் சாசனப்படி குடியுரிமையை அதிகாரிகள் கொடுப்பதில்லை. விண்ணப்பதாரர் பெயர்களை அடுக்கி மசோதாவாக்கி நாடாளுமன்றமே நிறைவேற்றுகிறது. ஆக, தண்டனை பெற்றவர் அந்தப் பட்டியலில் பெயராக இருக்கக் கூடாது, பட்டியலுக்கு வாக்களிக்கலாம்.

ஒருவர் சறுக்கியதை ஊதிப் பெரிதாக்குவதாகத் தாங்கள் நினைக்கக்கூடும். அவருக்கு முன்னால் ரிக்ஸ்ரெட் தண்டித்த அமைச்சர் யார்? அதைத் தமிழர்கள் நன்றாகவே அறிவார்கள். 1987 செப்டம்பரில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், டென்மார்க்கில் அடைக்கலம் பெற்ற ஈழத்தமிழர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளக் கொடுத்த மனுக்களை அப்படியே கிடப்பில் போடச் சொன்னார். குடும்பத்தோடு சேரும் உரிமையை 1983-ஆம் ஆண்டின் சட்டம் எழுத்தில் தந்திருந்தது. இலங்கையில் அமைதி வரப்போகிறது, இனி அவர்களே திரும்பிப் போகலாம் என்பது அமைச்சரின் கணக்கு. அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. மனுக்கள் கோபன்ஹேகனில் தூங்கின. மனுவில் பெயர் இருந்த மனைவியரும் பிள்ளைகளும் குண்டுச் சத்தத்தில் இருந்தார்கள்.

எழுத்துப்படி சட்டத்தை மதித்தவர்கள் அகதிகள். படிவம் நிரப்பி, வரிசையில் நின்று, காத்திருந்தார்கள். மதிக்காதவர் அதை எழுதிவைத்த துறையின் தலைவர். பிரதமர் பௌல் ஷ்லூட்டர் கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்று 1989-இல் சபையில் சொன்னார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை கம்பளத்தைத் தூக்கிக் காட்டியது. பிரதமர் பதவி விலகினார். 1995-இல் நின்-ஹான்சனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறை. அகதிகளின் வழக்கில் ஓர் அரசே கவிழ்ந்தது தங்கள் நாட்டின் பெருமை. அதைச் சொல்லிக்கொள்ள ஏன் இந்தக் கூச்சம் என்றுதான் புரியவில்லை.

1910-க்குப் பிறகு ரிக்ஸ்ரெட் தண்டித்தவர்கள் இந்த இருவர் மட்டுமே. இருவரும் வெளிநாட்டவர் விவகாரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். இருவரும் டேனிஷ் குடிமக்களாகப் பிறக்காமல் போயிருந்தால் 2021 நிபந்தனை இருவரையுமே வாசலில் நிறுத்தியிருக்கும்.

எனவே கோரிக்கை சிறியது. தற்போது குடியுரிமைத் தேர்வில் 45 கேள்விகள். தேறுவதற்கு 36 சரியாக இருக்க வேண்டும். டேனிஷ் விழுமியங்கள் பற்றிய ஐந்தில் குறைந்தது நான்கு சரியாக இருக்க வேண்டும். 46-ஆவதாக இதைச் சேர்க்கலாம்: ‘நாட்டின் சட்டத்தை மீறியதற்காக, கடந்த நூறாண்டில் ரிக்ஸ்ரெட் தண்டித்த அமைச்சர்கள் எந்த விவகாரத்தைக் கவனித்தார்கள்?’ சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். ‘கம்பளத்துக்கு அடியில் பார்க்கவும்’ என்று எழுதுகிறவருக்கு அரை மதிப்பெண்ணாவது தரலாம்.

இப்படிக்கு,
கையுறை அணியாத விண்ணப்பதாரர்