ரீகண்ட் ஆல்பார்டியல்: ஏழு இருக்கையும் இரண்டு அரியணையும்

1. ஆய்வின் தேவை

மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை எழுதியோர் ரப்பர்த் தோட்டத்தை எழுதினர், கோயிலை எழுதினர், தமிழ்ப்பள்ளியை எழுதினர். ஜப்பானில் யாரோ ஓட்டி விற்ற ஒரு டொயோட்டா ஆல்பார்ட் வண்டி, கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் வாசலில், முன்கதவை முழுதாகச் சாத்தவிடாமல் நிற்பதை எழுத மட்டும் எவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமும் இரண்டு டன்னை ஒட்டிய எடையும் கொண்ட ஒரு பொருள் ஆய்வாளர் கண்ணில் படாமல் போனது வியப்பே. அக்குறையைக் களைய எழுந்ததே இக்கட்டுரை.

'ரீகண்ட்' என்பது ஜப்பானில் ஓடி, ஏலத்தில் போய், கப்பலேறி, மலேசியாவில் முதன்முறையாகப் பதிவாகும் வண்டி. ஆகவே அது பழசு. ஆனால் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லும்போது புதுசு. குடும்பப் பயணத்துக்காக இதை வாங்குவோர் அனைவரும் 'ஏழு பேர் சொகுசாகப் போகலாம்' என்ற ஒரே காரணத்தையே கூறுகின்றனர். இக்காரணம் கணக்களவிலேயே பிழை என்பது நம் கருதுகோள். அதை நூற்பாவாக யாத்தால்:

எண்ணிய இருக்கை ஏழே ஆயினும்
நண்ணிய சுகமோ இரண்டே என்ப.

2. தோற்றமும் இடப்பெயர்வும்

ஆல்பார்ட் 2002-இல் தோன்றியது. 2008-இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது வெல்ஃபயர் என்ற உடன்பிறப்பும் கூடவே வந்தது. மூன்றாம் தலைமுறை 2015; நான்காம் தலைமுறை 2023. நிசான் எல்கிராண்ட் 1997-லேயே பிறந்த மூத்தவர். எனினும் இத்துறையினர் அவரை அடிக்குறிப்பில்தான் வைக்கின்றனர்.

இவ்வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது? ஜப்பானில் நிறுவன இயக்குநர்களும் அரசியல்வாதிகளும் இதில் போகின்றனர்; ஓட்டுபவர் வேறொருவர். மூன்றாம் தலைமுறையில் 'எக்சிகியூட்டிவ் லவுஞ்ச்' என்றொரு வகையே வந்தது. பின்சக்கரத் தாங்கமைப்பும் அப்போதுதான் மாற்றப்பட்டுப் பின்னால் அமர்பவருக்குக் குலுக்கல் குறைந்தது. மலேசியாவிலும் 2019-இல் அமைச்சர்களுக்கு வெல்ஃபயர் என்ற செய்தி வந்து, அதுவரை ஓடிய புரோட்டோன் பெர்டானா என்ன ஆயிற்று என்று நாடே கேட்டது. அமைச்சர் எவரும் அதை ஓட்டப்போவதாகச் சொல்லவில்லை என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்க.

ஜப்பானியர் ஏன் நல்ல வண்டியை விற்கிறார்கள்? அங்கே 'ஷாக்கென்' என்ற கட்டாயச் சோதனை உண்டு. புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டில் வரும். பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. செலவு பிடிக்கும் காரியம். எனவே மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ பலர் கைமாற்றிவிடுகின்றனர். மலேசிய விதியோ ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட வண்டியைத்தான் உள்ளே விடும். இரு நாடுகளும் கலந்து பேசி எழுதியதுபோல் விதிகள் பொருந்துகின்றன. இரு நாட்டிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம். இடையில் ஏ.பி. எனும் இறக்குமதி அனுமதிக்கு 10,000 வெள்ளி, அதன்மேல் இறக்குமதித் தீர்வை, கலால் தீர்வை, விற்பனை வரி. ஜப்பானில் விலை கேட்டு மகிழ்ந்தவர் போர்ட் கிள்ளானில் கேட்டு உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

எஞ்சினைப் பொறுத்தவரை, மூன்றாம் தலைமுறையின் 2.5 லிட்டர் எஞ்சின் துல்லியமாக 2,494 சிசி. சாலை வரியின் ஒரு படி 2,500-இல் முடிகிறது. அந்த ஆறு சிசியின் அருமை 3.5 லிட்டர் வாங்கிய மச்சானிடம் கேட்டால் தெரியும்.

3. சமயப் பிரிவுகள்

ஆல்பார்டுக்கும் வெல்ஃபயருக்கும் உள்ள வேறுபாடு வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வேறுபாடே. மூன்றாம் தலைமுறைவரை உடல் ஒன்று, எஞ்சின் ஒன்று, செய்யும் ஆலை ஒன்று. நெற்றியில் இட்ட நாமம் மட்டும் வேறு. ஆல்பார்டின் நெற்றி அகன்ற கவசம்போல் குரோமில் பளபளக்கும். வெல்ஃபயரின் முகப்பு விளக்கு மேலொன்றும் கீழொன்றுமாகப் பிளந்து முறைத்துப் பார்க்கும். ஜப்பானில் இரண்டும் தனித்தனி விற்பனைக் கிளைகள் வழியே போயின. 2020-இல் எல்லாக் கிளையிலும் எல்லாம் கிடைக்கும் என்றானபின் பிரிவினைக்கு நிர்வாகக் காரணம்கூட இல்லை. ஆயினும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதுபற்றிய வாதம் ஓயவில்லை. எது சிறந்தது என்பதில் இவ்வாய்வு நடுநிலை வகிக்கிறது. ஆய்வாளரின் இரு மைத்துனர்களும் எதிரெதிர் அணியில் இருப்பது அதற்கொரு துணைக்காரணம்.

உட்பிரிவுகளும் உள: எக்ஸ், இஸட், இஸட்ஏ, இஸட்ஜி, எஸ்ஏ, எஸ்சி. நேற்றுவரை மிளகாய் விலை பேசிய பெரியப்பா, ரீகண்ட் கடைக்கு இரண்டு முறை போய்வந்ததும், "எஸ்ஏ-ல ஆட்டோமேன் எலக்ட்ரிக்கா இருக்காதுப்பா, எஸ்சி பாரு" என்று அருள்வாக்குச் சொல்வது இத்துறையின் கல்வி வேகத்துக்குச் சான்று. ஆட்டோமேன் என்பது விசையை அழுத்தினால் மேலெழும்பிக் காலைத் தாங்கும் பலகை. எட்டு இருக்கை வகையில் நடுவில் பெஞ்சு. ஏழு இருக்கை வகையில் இரண்டு தனி நாற்காலி. பாருங்கள், ஓர் ஆளைக் குறைத்தால்தான் சொகுசு வருகிறது. கருதுகோளுக்கு முதல் சான்று இது.

4. சுவடியியல்

ரீகண்ட் வண்டியின் மூலபாடம் அதன் ஏலத்தாள். சிபா மாநிலத்து நோடாவில் வியாழன்தோறும் கூடும் யுஎஸ்எஸ் தோக்கியோ போன்ற ஏலக்கூடங்களில், விற்பனைக்கு வரும் வண்டியை ஒருவர் சுற்றிப் பார்த்து ஒற்றைத் தாளில் எழுதிவைப்பார். ஜப்பானிய எழுத்து, கையெழுத்துக் கோலம், மூலையில் வண்டியின் வரைபடம், அதன்மேல் கொசு கடித்ததுபோல் குறிகள்.

குறிகளுக்கு உரை வருமாறு. ஏ1: நகக்கீறல். யு2: உள்வாங்கிய பள்ளம், நடுத்தரம். டபிள்யூ: தட்டிச் சரிசெய்து பூசிய தடம். எக்ஸ்எக்ஸ்: அந்தப் பாகமே மாற்றப்பட்டது. மதிப்பெண் 5 என்றால் ஏறக்குறையப் புதுசு, 4.5 நன்று, 4 சராசரி, 3.5-க்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆர் என்ற எழுத்து நின்றால் விபத்தில் அடிபட்டுச் சீரானது என்று பொருள். அதற்கு 'ரொம்ப நல்லா இருக்கு பாஸ்' என்று உரை சொல்லும் விற்பனையாளர் ஒருதலை உரையாசிரியர் ஆவார்.

இங்கும் இடைச்செருகல் உண்டு, பாடபேதம் உண்டு. ஒரு கடையில் காட்டிய நகலில் ஓடிய தூரம் 38,000 கிலோமீட்டர். ஸ்டீயரிங்கின் தோலோ பத்துமணி நிலையில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பிரேக் மிதியின் ரப்பர் ஒரு மூலையில் கரைந்திருந்தது. மூலமும் உரையும் முரண்பட்டால் மிதியையே நம்புக. தாளிலுள்ள சேசிஸ் எண் வண்டியின் எண்ணோடு பொருந்துகிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். ஏஜிஹெச்30 என்று தொடங்கினால் 2.5, ஜிஜிஹெச்30 என்றால் 3.5. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம். 2022 வண்டியில் 2019 டயர் இருந்தால், வேறு யாருடைய செருப்பையோ அது மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஒலிச்சான்றுகளும் உள. பல வண்டிகளில் எஞ்சினை எழுப்பும்தோறும் ஒரு ஜப்பானியப் பெண் குரல், ஈ.டி.சி. அட்டை செருகப்படவில்லை என்று பணிவோடு அறிவிக்கும். அது ஜப்பானிய டோல் அட்டை. கிள்ளானில் அதைத் தேடிப் பயனில்லை. ஆய்வுக்குட்பட்ட குடும்பத்தின் பாட்டி இதைக் குசலம் விசாரிப்பதாகக் கொண்டு, "ஆமாம்மா, கிளம்பிட்டோம்" என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறார். வானொலியோ ஜப்பானியப் பண்பலையின் கணக்கில் 76-இல் தொடங்கி 95 மெகாஹெர்ட்சுக்குள் முடிந்துவிடுகிறது. தமிழ் வானொலியான ராகா ஒலிப்பது 99.3-இல். இத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய வண்டியில் இளையராஜா கேட்க முடியாத நிலை, பிளேயரை மாற்றும்வரை நீடிக்கும்.

5. இருக்கைத் திணை

வண்டியின் உட்பரப்பை ஐந்திணையாகப் பகுக்கலாம். களம், பங்குனி உத்திரத்துக்கு மாரான் முருகன் கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பம். மறு பயணம், பள்ளி விடுமுறையில் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு.

ஓட்டுநர் திணை. பொழுது: விடியற்காலை நான்கு மணி. கருப்பொருள்: டச் அண்ட் கோ டோல் அட்டை, ஆறிப்போன கோப்பி. உரிப்பொருள்: பொறுத்தல்.

முன்னிடத் திணை. இல்லத்தரசிக்கு உரியது. கருப்பொருள்: கைப்பேசியில் வழிகாட்டும் வேஸ், பசியாறக் கட்டிவந்த நாசி லெமாக். உரிப்பொருள்: அறிவுறுத்தல்.

அரியணைத் திணை. இரண்டு நாற்காலி. ஒன்று பாட்டிக்கு, இதில் கருத்து வேறுபாடில்லை. பாட்டி அதில் எவ்வாறு அமர்கிறார் என்பதே நுட்பம். சாய்வைச் சாய்க்கவில்லை, காலை நீட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு அமர்ந்தார். விசையால் எழுந்து நின்ற ஆட்டோமேன் மேல் கோடாலித் தைலம், விபூதிப் பை, முறுக்கு டின் மூன்றும் வரிசையாக ஏறின. ஜப்பானியப் பொறியாளர் இயக்குநரின் கணுக்காலுக்கென்று அளந்து செய்த பலகை, மாரான் சேரும்வரை பூஜை அலமாரியாகப் பணிபுரிந்தது. இரண்டாம் நாற்காலி எப்போதும் வழக்கில் உள்ளது. முட்டிவலியைச் சான்றாகக் காட்டி அத்தை வெல்வதே பெரும்பான்மை. உரிப்பொருள்: உறங்கல்.

கடைநிலைத் திணை. மூன்றாம் வரிசை. சிறுவர்க்கும், கல்யாணமாகாத சித்தப்பாவுக்கும் உரியது. முன்னால் பாட்டி நாற்காலி பின்னகர்ந்தால் இங்கே முழங்கால் மடியும். பெட்டிகள் மிகுந்தால் ஓர் இருக்கையைப் பக்கச் சுவரோடு தூக்கி மாட்டிவிடுவர். அப்போது ஏழும் குறையும். தாப்பாவுக்கு மேலே வளைவுகள் தொடங்கியதும் இத்திணையின் கருப்பொருள் வெளிப்படும்: அசாம்போய் எனும் உலர் பிளம், எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் பை. உரிப்பொருள்: இரங்கல்.

நடைவழித் திணை. இரு நாற்காலிக்கும் இடைப்பட்ட சந்து; தனக்கென நிலமில்லாத பாலை. இங்கே வைக்கும் தண்ணீர்ப் போத்தல், கைப்பேசி, குழந்தையின் ஒற்றைக் காலணி எதுவாயினும் முதல் வளைவிலேயே உரியவரை விட்டு அகன்றுவிடும். உரிப்பொருள் பிரிதல் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஐந்திலும் தேடினேன், மாதத் தவணை கட்டுபவர் அரியணைத் திணையில் ஓரிடத்தும் காணப்படவில்லை. ஆகவே இரண்டாம் நூற்பா:

முன்னர் அமர்ந்து முடுக்கும் ஒருவனே
பின்னர்த் தவணை கட்டவும் உரியன்.

6. தடையும் விடையும்

'மனைவி ஓட்டலாமே' என்பார்க்கு: ஓட்டுகிறார், நன்றாகவே ஓட்டுகிறார். அப்போது கணவன் முன்னிடத்துக்குப் பெயர்ந்து, உரிப்பொருளான அறிவுறுத்தலை ஏற்று, தாப்பா வருமுன்னே வசவு வாங்குகிறான். பின்னால் போவதில்லை.

'ஓட்டுநரை அமர்த்தலாமே' என்பார்க்கு: ஏழில் ஓரிடம் அவருக்குப் போகும். மிச்சம் ஆறு, குடும்பம் ஏழு. விடுபடுபவர் யாரென்று வாக்கெடுப்பு வேண்டியதில்லை. அவர் பெட்டிகளோடு பழைய மைவிக் காரில் பின்தொடர்வார்.

'மகன் வளர்ந்து ஓட்டுவானே' என்பார்க்கு: இதுவே வலுவான தடை. வாகனக் கடன் உச்ச அளவாக ஒன்பது ஆண்டு. வாங்கும்போது கடைநிலைத் திணையில் எட்டு வயதில் இருந்த பையன், கடைசித் தவணை கட்டும்போது பதினேழு வயதாகி உரிமம் எடுக்கத் தகுதி பெறுகிறான். கணக்கு அழகாக முடிகிறது. ஆயின் மகன் ஓட்டும் வண்டியில் எந்தத் தகப்பனும் பின்னால் சாய்ந்து படுத்ததாகக் கள ஆய்வில் பதிவில்லை. முன்னிடத்தில் நிமிர்ந்து அமர்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை ஒவ்வொரு லாரிக்கும் மிதித்துக்கொண்டு வருகிறார். அவ்விடத்துக் கால்விரிப்பில் விழுந்திருக்கும் தேய்மானம் பிற்கால ஏலத்தாள் எழுதுவோரைக் குழப்பக்கூடும்.

7. முடிபும் பரிந்துரையும்

இவ்வண்டியைக் குறை சொல்வது ஆய்வின் நோக்கமன்று. அது செய்யப்பட்ட நோக்கத்தைப் பிசகாமல் நிறைவேற்றுகிறது: ஒருவர் முன்னால் ஓட்ட, மதிப்பு உள்ளவர் பின்னால் உறங்குகிறார். ஜப்பானில் அவர் இயக்குநர், கிள்ளானில் பாட்டி. பதவி மாறவில்லை.

வாங்கத் துணிந்தோர்க்கு நான்கு பரிந்துரை. ஒன்று, ஏலத்தாளின் நகலைக் கடைக்காரர் சொல்லுக்கு விடாமல், சேசிஸ் எண்ணைக் கொண்டு தனியே சரிபார்க்கவும். இரண்டு, இருபக்க நகர்கதவையும் விசையால் பலமுறை திறந்து மூடிப் பார்க்கவும். பாட்டி கையால் இழுத்துத் திறக்கப்போவது உறுதி என்பதால், அதையும் கையாலேயே ஒருமுறை இழுத்துப் பார்க்கவும். மூன்று, பிளேயர் மாற்றும் செலவை விலைபேசும்போதே சேர்த்துப் பேசவும்.

நான்காவது, மிக முதன்மையானது. கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன், கடைக்காரரிடம் சாவியை வாங்கி, இரண்டாம் வரிசை நாற்காலியில் ஏறி, சாய்வை முழுதாகச் சாய்த்து, ஆட்டோமேனை உயர்த்தி, கண்ணை மூடிப் பத்து நிமிடம் படுத்துக்கொள்ளவும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் பொருட்படுத்த வேண்டா. ஒன்பது ஆண்டுத் தவணைக்கு அப்பத்து நிமிடமே அனுபவ பாத்தியதை.