ஹெட்டருக்குக் காரைப் பொருத்துதல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

அமெரிக்க மசில் கார்களைப் பற்றிய நூல்கள் குதிரைத்திறனைப் பேசும், கால் மைல் ஓட்ட நேரத்தைப் பேசும், கதவோரம் ஒட்டிய தகட்டின் எழுத்துகளைக்கூட ஒவ்வொன்றாக விளக்கும். அந்தக் காருக்கடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் துரு உதிர, ஒரு போல்ட்டைச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்காகத் திருப்பிக்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது மிகைக் கூற்று அன்று. பன்னிரண்டு முனை ஸ்பானரை எடுத்து மாட்டித் திருப்ப ஒரு தடவைக்கு முப்பது பாகை போதும். அந்த முப்பது பாகைக்கு மேல் அங்கே இடமும் இல்லை. அவ்விடமின்மையே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஆய்வு எல்லை. 1964-இல் போன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள டெம்பஸ்ட் காருக்குள் 389 கன அங்குல எஞ்சினைத் திணித்து ஜிடிஓ என்று விற்றது. அதுமுதல், காப்பீட்டுக் கட்டணமும் புகை விதிகளும் 1973-இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து கடையைச் சாத்தும்வரை டெட்ராய்ட்டிலிருந்து வந்த மசில் கார்கள் ஏராளம். அத்தனையையும் ஆராய்ந்தால் ஆய்வாளரின் முதுகு தாங்காது. எனவே ஒன்றே ஒன்று: 1968 ஃபோர்டு மஸ்டங் ஜிடி 390. அதே ஆண்டு வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான்ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் பறக்கவிட்ட கார். (அந்தத் துரத்தலில் அவர் ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைத் திரும்பத் திரும்ப முந்துகிறார் என்பது வேறோர் ஆய்வேட்டுக்கு உரியது.) படத்தில் நடித்த கார்களுள் ஒன்று 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் நடந்த ஏலத்தில் 37 லட்சம் டாலருக்குமேல் போயிற்று. அதற்கு யாரும் ஹெட்டர் மாட்டப்போவதில்லை. நாம் ஆராய்வது அதன் வசதி குறைந்த பங்காளிகளை. செவெல், கமாரோ வைத்திருப்போர் பொறுத்தருள்க. அவர்கள் படும் பாடு முனைவர் பட்டத்துக்குப் போதாது.

இனி, ஹெட்டர் என்பது யாது? சிலிண்டரில் எரிந்த புகை வெளியே வந்ததும் நுழையும் முதல் வாசல் மேனிஃபோல்டு. தொழிற்சாலை மாட்டி அனுப்புவது வார்ப்பிரும்பு. ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையும் குட்டையான ஒரே குடைவுக்குள் விழுந்து, ஒன்றையொன்று முட்டி, வளைந்து கீழே இறங்கும். மலிவு, கனம், அமைதி, நீண்ட ஆயுள் ஆகிய நான்கு குணங்களும் அதற்கு உண்டு. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. ஹெட்டர் இதற்கு நேர் எதிர். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி எஃகுக் குழாய். பெரும்பாலும் 1⅝ அல்லது 1¾ அங்குல விட்டம். கூடியமட்டும் ஒரே நீளம். நான்கும் கீழே கலெக்டர் என்னும் பெருங்குழாயில் கூடும். குழாயில் பாய்ந்துபோகும் புகை தனக்குப் பின்னால் தாழ்ந்த அழுத்தத்தை விட்டுச் செல்கிறது. உள்வால்வும் வெளிவால்வும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருக்கும் வேளையில் அந்தத் தாழ்வு வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி இழுத்துவிட்டுப் புதுக் காற்றையும் உள்ளே வரவழைக்கும். எந்தச் சுற்று வேகத்தில் இது நன்றாக நடக்கும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கும். இயற்பியல் இவ்வளவே. மீதி எல்லாம் உடலியல்.

ஓசையைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு குறையுடையதாகும். இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. வலப்பக்கம் 1 முதல் 4. இடப்பக்கம் 5 முதல் 8. வரிசையை உற்றுநோக்குக: 4 எரிந்த கையோடு அதே பக்கத்து 2 எரிகிறது, 7 எரிந்த கையோடு அதே பக்கத்து 8. ஆகவே எந்தப் பக்கமும் சீராக மூச்சுவிடுவதில்லை. இரண்டு அடி நெருங்கி விழும், பிறகு இடைவெளி, பிறகு மறுபடி. தவில்காரர் வேண்டுமென்றே நொண்டவிட்டு எண்ணிக்கை தப்பாமல் வந்து சேர்வதைப்போன்ற ஓசை. கனத்த வார்ப்பிரும்பு இதை விழுங்கிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிப்புள்ள குழாயோ தெருவுக்கே சொல்லும். ஹெட்டர் வாங்குவோர் திறனுக்காகவே வாங்குவதாகக் கூறுவர். ஓசையைப் பற்றிக் கேட்டால், "அதுவும் கொஞ்சம் கூடும்" என்று தரையைப் பார்ப்பர்.

திறன் கூடுமா? கூடும். எவ்வளவு என்பதில்தான் வழக்கு. 1968-இல் ஃபோர்டு இந்த எஞ்சினுக்குச் சொன்ன கணக்கு 325 குதிரைத்திறன். அக்காலத்து வழக்கம், எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஏற்றி, அது இழுக்கவேண்டிய துணைப் பாரங்களைக் கழற்றிவிட்டு, காரின் சைலன்சரும் இல்லாமல் அளப்பது. 1972 மாடல்கள் முதல், காரில் இருக்கும் கோலத்திலேயே அளந்து சொன்னார்கள். விளைவு, செவர்லே கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் 1971-இல் 330; 1972-இல் 255. எழுபத்தைந்து குதிரைகள் லாயத்தைவிட்டு ஓடிப்போனதாக எண்ணற்க. அவை லாயத்துக்கு வந்ததே இல்லை. இதிலிருந்து பெறப்படும் துணைமுடிபு: ஹெட்டர் வாங்குபவர் புதிய குதிரைகளை வாங்குவதில்லை. 1968-இலேயே யாரோ விலை கொடுத்துவிட்ட குதிரைகளில் சிலவற்றுக்கு மறுபடி விலை கொடுத்து, தாமே சுமந்துகொண்டு வருகிறார். கேம்ஷாஃப்ட்டும் கார்புரேட்டரும் பழையபடியே இருந்தால், அந்தக் குதிரைகளும் உயர்ந்த சுற்று வேகத்தில்தான் தலைகாட்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவர் அவற்றின் முகத்தையே பார்க்கமாட்டார்.

எனினும் பெட்டியின்மேல் 'நேரடியாகப் பொருந்தும்' என்றே அச்சிட்டிருக்கும். இதை மறுப்பதே நம் கருதுகோள். ஹெட்டர் காருக்குப் பொருந்துவதில்லை. கார்தான் ஹெட்டருக்குப் பொருத்தப்படுகிறது. எல்லாம் முடிந்தபின் உரிமையாளர் இரண்டுக்கும் பொருந்திப்போகிறார்.

இதற்குச் சான்று வரலாற்றில் உள்ளது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அரங்கேறிய மஸ்டங், மேலே புதிது. அடியில் ஃபோர்டு ஃபால்கன். ஃபால்கனோ 1960 மாடலாக வந்த சிக்கனக் கார். அதற்கு முதலில் வாய்த்தது 144 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், ஒரே வரிசையில், ஒல்லியாக. முன்சக்கரத்தின் சுருள்வில் மேல்கையின்மீது உட்கார்ந்திருப்பதால், அதைத் தாங்க எஞ்சின் அறைக்குள் இருபக்கமும் தகரக் கோபுரங்கள் புடைத்து நிற்கும். ஒல்லி எஞ்சினுக்கு அது இடையூறு இல்லை. 1967 மாடலில் காரை அகலப்படுத்தி, பெரிய கார்களுக்கென 1958-இல் வந்த எஃப்இ வகை எஞ்சினை உள்ளே வைத்தார்கள். 390 கன அங்குலம், அதாவது 6.4 லிட்டர், முந்நூறு கிலோவை நெருங்கும் இரும்பு. அது உட்கார்ந்தது. உட்கார்ந்தபின் அதற்கும் கோபுரத்துக்கும் நடுவே மிஞ்சிய இடத்தில் விரல் போகும், கை போகாது. தொழிற்சாலைக்கு அதனால் ஒரு கவலையும் இல்லை. மேனிஃபோல்டை மாட்டிய பிறகே எஞ்சினைக் காருக்குள் வைத்தார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக உள்வாங்கிக்கொண்டவர் ஹெட்டர் வாங்கமாட்டார்.

பொருத்தும் படலத்தை ஆராயப் புதுக் கோட்பாடு தேடி அலையவேண்டாம். முதல், கரு, உரி என்னும் தொல்காப்பியப் பகுப்பே போதும். நிலம்: வீட்டு முகப்பின் சிமென்ட் தரை, அதாவது எண்ணெய்க் கறையும் கறை சார்ந்த இடமும். பெரும்பொழுது: இளவேனில், முதல் கார்க் கண்காட்சிக்கு முந்தைய வாரம். சிறுபொழுது: சனிக்கிழமை, உதிரிபாகக் கடை சாத்தியபின் வரும் யாமம். உணவு: ஆறிப்போன பீட்சா. பறை: மேலே சொன்ன எட்டு சிலிண்டர். தெய்வம்: ஜாக்கி ஸ்டாண்டு. இத்தெய்வத்தை வணங்காது, வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் புகுந்தவர்களைப் பற்றிய செய்திகள் அவர்களுடைய குடும்பத்தார் வாய்வழியாகவே கிடைக்கின்றன. உரிப்பொருளில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. இரங்கல் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? இரங்குவதற்கும் சற்று நிமிர்ந்து உட்கார இடம் வேண்டும். ஆகலின் இருத்தலே உரிப்பொருள்: கார் ஸ்டாண்டின்மேல் இருத்தல், அவர் அதன்கீழ் இருத்தல், மனைவி வாசற்படியில் ஒன்றும் கேளாது இருத்தல்.

பழைய மேனிஃபோல்டைக் கழற்றுவது முதல் காண்டம். ஐம்பது ஆண்டுக்குமேல் சூட்டிலும் குளிரிலும் கிடந்த போல்ட்டுகள் அவை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டால் சில முழுதாக வரும். சில தலையை மட்டும் தரும். உடம்பு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவது கைகண்ட வழி. அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். டிரில் போட்டுக் குடைந்து எடுக்கலாம் என்று இறங்குபவரின் டிரில் நடுவைவிட்டு நழுவும். பிறகு கழல்வது போல்ட்டின் மரை மட்டுமன்று.

இரண்டாம் காண்டம் ஏற்றம். இந்தக் காருக்கு நீண்ட குழாய் ஹெட்டர் கீழிருந்துதான் ஏறும். அதற்கும் எஞ்சின் மவுன்ட்டுகளைக் கழற்றி, ஆயில் பேனுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, ஜாக்கியால் எஞ்சினைத் தூக்கவேண்டும். வழியில் ஸ்டார்ட்டர் மோட்டார் நிற்கும், கழற்றுக. கைக்கியர் கார் என்றால் கிளட்ச் மிதியின் தள்ளலைக் கியர்பெட்டிக்குக் கொண்டுபோகும் குறுக்குத் தண்டு நிற்கும், கழற்றுக. பவர் ஸ்டீயரிங் உண்டென்றால் அதன் ஹைட்ராலிக் தண்டு, குழாய் போகவேண்டிய அதே இடத்தில் நிற்கும். அதைத் தாழ்த்தி மாட்டுவதற்கென்று ஒரு பட்டையைத் தனியே விற்கிறார்கள். 'நேரடியாகப் பொருந்தும்' என்ற இரு சொற்களுக்குள் இத்தனையும் அடக்கம். நன்னூலார் இதை உய்த்துணர வைப்பு என்பார்.

எல்லாம் ஏறியபின்னும் ஒரு குழாய் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும். இங்கேதான் அறிஞருலகம் இரண்டுபடுகிறது. குழாயைச் சூடாக்கி, உருண்டை முகச் சுத்தியலால் ஒரு குழி போட்டுவிடு என்பது முதற் கட்சி. சிறு குழியால் புகையோட்டம் பெரிதாகக் குறைந்துவிடாது என்பது அவர்கள் ஏது. செராமிக் பூச்சுக்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டு அதன்மேல் சுத்தியலை இறக்குவது பாவம் என்பது எதிர்க் கட்சி. இவர்கள் குழாயை விட்டுவிட்டுக் கோபுரத் தகரத்தைத் தட்டுவர். ஆக, தட்டவேண்டும் என்பதில் இரு தரப்பும் உடன்பட்டே உள்ளன. தொட்டால் தொடட்டும் என்று போல்ட்டை முடுக்கிவிடும் மூன்றாம் கட்சியும் உண்டு. எஞ்சின் அதிரும்போதெல்லாம் குழாய் உடம்பில் இடிக்கும் ஓசையை அவர்கள் ரேடியோவால் மூடுவர்.

முதன்முறை ஓடவிட்டதும் குழாயில் பூசியிருந்த சாதாரண பெயின்ட் எரிந்து புகை எழும், அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்ப்பர். இது நோயன்று. நோய் பின்னால் வரும். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கிச் சுருங்கிப் போல்ட்டுகள் தாமாகத் தளரும். கேஸ்கெட் வழியே புகை கசிந்து 'டிக், டிக்' என்னும். இதை டேப்பட் ஓசை என்று மயங்கி வால்வு மூடியைக் கழற்றியோர் பலர். எஞ்சின் சூடேற ஏற ஓசை அடங்கினால் அது பெரும்பாலும் கசிவு. ஆறவிட்டுப் போல்ட்டுகளை மறுபடி இறுக்குக. பிளக் ஒயர் குழாயில் பட்டால் உருகும், ஒதுக்கிக் கட்டுக. கார்புரேட்டர் ஜெட்டையும் ஒரு சுற்றுப் பெரிதாக்கவேண்டி வரலாம்.

இவையெல்லாம் சிறுதுன்பம். பெருந்துன்பம் ஸ்டார்ட்டரிடமிருந்து வரும். குழாய் அதை ஒட்டியே போகிறது. கோடையில் நெடுந்தூரம் ஓட்டிவந்து பெட்ரோல் போட நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பினால், வெந்துபோன ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடும். ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்நேரம் வழிப்போக்கர்கள் வருவர். எந்த ஆண்டு மாடல் என்பர். தம் சித்தப்பாவிடமும் இப்படி ஒன்று இருந்தது என்பர். உரிமையாளர் வேண்டுமென்றே நின்றவர்போலச் சாய்ந்துகொண்டு விளக்கம் சொல்வார். மசில் கார் உலகின் வாய்மொழி மரபு பெரிதும் இவ்வாறே வளர்ந்தது என்பது எம் துணிபு.

சட்டமாவது தடுக்காதா என்பாரும் உளர். புகை விதிகளில் கடுமைக்குப் பேர்போன கலிஃபோர்னியாவிலேயே 1975-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கும் புகைச் சோதனை கிடையாது. அரசு கைவிட்டுவிட்டது.

கருதுகோள் நிறுவப்பட்டது. ஹெட்டர் வாங்கியே தீர்வது என்று துணிந்துவிட்ட வாசகருக்கு ஒரு வேண்டுகோள். முதலில் உங்கள் சிலிண்டர் ஹெட்டில் போல்ட் துளைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். எஃப்இ குடும்பத்தில் எல்லா ஹெட்டிலும் அவை ஒரே மாதிரி இல்லை. பிறகு, பழைய ஸ்டார்ட்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உருவத்தில் சிறியதாகப் புதியது ஒன்றை வாங்கி, ஹெட்டர் ஏற்றும்போதே மாட்டிவிடுங்கள். பின்னால் ஸ்டார்ட்டரை மட்டும் கழற்றிக்கொள்ளலாம் என்றால், பெரும்பாலும் ஹெட்டர் விடாது.