கப்பல் மாமா

சுவெட்டன்ஹாம் துறையில் பெரிய கப்பல் வந்து நின்றால் ஜார்ஜ்டவுனில் இரண்டு பேருக்கு இருப்புக் கொள்ளாது. ஒருவர் டிரைஷாக்காரர், அவருக்கு அது பிழைப்பு. மற்றவர் கப்பல் மாமா. அவருக்கு அதில் ஒரு காசு வரும்படி இல்லை. ஆனாலும் காலையிலேயே எஸ்பிளனேடு கடலோரத் திண்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு மேலே எழும்பி நிற்கும் வெள்ளை மாடிகளைக் கீழிருந்து எண்ணுவார்.

"அதோ, ஆரஞ்சு கலர்ல படகு தொங்குது பாருங்க. அதுக்கு நேர் பின்னால இருக்கிற கேபினை எடுத்துடாதீங்க. ஜன்னல் இருக்கும், கடல் இருக்காது."

பக்கத்தில் உட்கார்ந்து கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருப்பவருக்குக் கப்பலேறும் உத்தேசமே கிடையாது. அவர் பட்டர்வொர்த் ஃபெரிக்குப் போகிற வழியில் கொஞ்சம் காற்று வாங்க உட்கார்ந்தவர். அதனால் என்ன?

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் பொருத்தம் பார்க்க ஒருவர், நிலப் பட்டா படித்துச் சொல்ல ஒருவர், பழைய கார் வாங்கினால் பானெட்டைத் திறந்து தலையாட்ட ஒருவர் என்று எப்போதும் உண்டு. இப்போது கப்பலுக்கும் ஒருவர் வந்துவிட்டார். பெரும்பாலும் அரசாங்கப் பென்ஷன்காரர். சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று இருக்கும். அதில் வரப்போகும் கப்பல்களின் தேதி. கழுத்தில் நாடா. கப்பலில் கேபின் கார்டைத் தொங்கவிட்டுக்கொள்ள வாங்கியது. பயணம் முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும், வீட்டுச் சாவி அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

"ஸ்கூல் லீவுக்கு எங்கேயும் போகலையா, தம்பி?" என்று அவர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். "இன்னும் முடிவு பண்ணல, மாமா" என்றால் ஒரு மணி நேரம். "கப்பல்ல போகலாமான்னு..." என்று இழுத்தால் அன்றைய பொழுதே அவருடையது.

பாடம் நாசி கண்டார் கடையில்தான் நடக்கும். ரொட்டி சனாய் வரும். பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை நீளவாக்கில் கிழித்துத் தட்டின் குறுக்கே கிடத்துவார். அதுதான் கப்பல். தே தாரிக் கிளாஸ் இருக்கும் பக்கம் முன், சீனி டப்பா இருக்கும் பக்கம் பின்.

"முன்னாலயும் பின்னாலயும் ஆட்டம் ஜாஸ்தி. சீசா பலகையில நுனியில உட்கார்ந்தா எப்படி? அப்படித்தான். மேல போகப் போக இன்னும் ஆடும். அதனால நடுவுல எடு, கீழ எடு."

விரலை டால்சாவில் தொட்டு ரொட்டியின் நடுவயிற்றில் ஒரு பொட்டு வைப்பார். அது நம் கேபின். ஆனால் பாடம் அதோடு முடியாது. அந்தப் பொட்டுக்கு மேல்மாடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீச்சல்குளமோ பஃபேயோ இருந்தால் விடிவதற்குள் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே நாடக அரங்கம் இருந்தால் நடுராத்திரிவரை டிரம். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்று இருந்தால்தான் நிம்மதி. லிஃப்டுக்கு ஒட்டினாற்போல் வேண்டாம், ரொம்பத் தூரமும் வேண்டாம். அத்தைக்கு முழங்கால் வலி. 'எந்த கேபினானாலும் சரி, நீங்களே கொடுங்கள்' என்று கம்பெனியிடம் விட்டால் விலை குறையும். ஆனால் படகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தள்ளினால் வாயைத் திறக்க முடியாது.

இதற்குள் கடைப்பையன் தட்டை எடுக்க வந்துவிடுவான். "டேய், கப்பலைத் தொடாதே!"

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது அத்தனையும் சரி. தப்பாகப் பேசுகிறவராக இருந்தால் எழுந்து போய்விடலாம். சரியாகப் பேசுகிறவரிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

பணக் கணக்கிலும் அப்படித்தான். "விளம்பரத்துல போட்டிருக்கிற வெள்ளியைப் பார்த்துட்டு வீட்டுல சொல்லிடாதே" என்பார். அந்த விலை, ஒரு கேபினில் இருவர் என்ற கணக்கில் ஒருவருக்கு. தனியாகப் போகிறவர் பல சமயம் இருவர் காசைக் கட்ட வேண்டிவரும். அதற்கு மேல் துறைமுக வரி. அதற்கு மேல், ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே பில்லில் ஏறும் சேவைக் கட்டணம். வைஃபைக்குத் தனிக் காசு, கோலாவுக்குத் தனிக் காசு. சாப்பாடு விலையில் சேர்ந்ததுதான்; ஆனால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கும் ரெஸ்டாரண்ட் பக்கம் போனால் தொலைந்தோம். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளைச் சேர்த்தால் மட்டும் அவர்களுக்குச் சல்லிசு.

"அந்தக் கணக்குப்படி பார்த்தா மாமியாரைக் கூட்டிட்டுப் போறது லாபம்." ஒரு வாய் தே தாரிக் உறிஞ்சிவிட்டு, "கணக்குப்படி" என்பார் மறுபடியும்.

கப்பலேறியதும் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். மறந்தால் நடுக்கடலில் அது கப்பலின் சொந்த அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும்; பில் வரும்போது கரையில் இருப்பவருக்கே குமட்டும். தயிர்சாதம் தேடுகிறவர்களும், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களும், ஹலால் பார்க்கிறவர்களும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு சமையல்காரரிடம் போய் அபிநயம் பிடிக்கக் கூடாது.

இப்போதெல்லாம் பினாங்குக்காரர்கள் கப்பலேற வேண்டுமென்றால் பெரும்பாலும் சிங்கப்பூருக்குத்தான் போக வேண்டும். மாமாவுக்கு அதில் தீராத மனக்குறை. சூப்பர்ஸ்டார் லிப்ரா நம் துறையையே வீடாக வைத்திருந்த காலத்தை அவர் சொல்லும்போது கேட்கிறவருக்கும் கொஞ்சம் ஏக்கம் வரும். சாயங்காலம் வெல்ட் கீயில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே கப்பலேறி, ராத்திரி முழுக்கக் கடலில் சுற்றி, மறுநாள் வந்து இறங்கிவிடலாம். எங்கும் போகாத கப்பல். சூதாட்ட மேசைக்காகவே ஏறியவர்கள் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். 1988இல் கட்டிய அந்தக் கப்பல் 2018இல் ஜெர்மனிக்குப் போய், கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்குத் தங்குமிடம் ஆயிற்று. அதன் சொந்தக்காரரான கெந்திங் ஹாங்காங் கம்பெனியே 2022 ஜனவரியில் மூடுவிழாவுக்கு மனுப் போட்டது. "அதனாலதான் சொல்றேன், தம்பி. பணத்தை கிரெடிட் கார்டுல கட்டு. இன்ஷூரன்ஸ் எடு. எடுத்தா மட்டும் போதாது, என்ன எழுதியிருக்குன்னு படி." படித்துவிட்டோம் என்று சொன்னால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேள்வி வரும்.

சிங்கப்பூர் போவதற்கும் சட்டம் உண்டு. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும்; போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், முன்கூட்டியே முடித்துவிடுகிற சமர்த்து இங்கே செல்லாது. முக்கியமாக, முதல் நாளே போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும். சுங்கை நிபோங்கில் இரவு பஸ் பிடித்து, ஜொகூர் பாலத்தில் நெரிசல் இருக்காது என்று நம்பிக் கிளம்புகிறவர்களை மாமா பரிதாபமாகப் பார்ப்பார். பள்ளி விடுமுறையில் அந்தப் பாலத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வையின் நியாயம் புரியும்.

பெட்டி விஷயத்தில்தான் மாமாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. இஸ்திரிப் பெட்டி, எலக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர் மூன்றையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். தீ என்றால் கப்பல்காரர்களுக்கு அவ்வளவு பயம். அத்தை சின்ன ரைஸ் குக்கர் ஒன்றைச் சேலைக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தார். ஸ்கேனிங் மெஷின் சேலையையும் தாண்டிப் பார்த்தது. இறங்கும்வரை அது கப்பல்காரர் பொறுப்பில் இருந்தது, ரசீதும் கொடுத்தார்கள். மாமா அந்த ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், சண்டை வரும்போது எடுத்துக் காட்ட. காந்தக் கொக்கியை மட்டும் தாராளமாகக் கொண்டுபோகலாம். கேபின் சுவர் இரும்பு, துண்டு தொப்பி எல்லாம் மாட்டிக்கொள்ளலாம். பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகும். ஆகவே மாத்திரை, மாற்றுத்துணி, பாஸ்போர்ட் கைப்பையில். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அதைச் சுமை ஆட்களிடம் கொடுத்துவிட்டு, குடிநுழைவு வரிசையில் நின்று பையைக் குடைகிறவர்களைப் பார்ப்பது மாமாவுக்குப் பயணத்தின் தலையாய சந்தோஷங்களில் ஒன்று.

மாமாவின் அப்பாவும் கப்பலில் வந்தவர்தான். ரஜூலா. 1926இல் ஓடத் தொடங்கி 1973வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல். மலேசியத் தமிழரில் பாதிப் பேரிடம் கேட்டால், எங்கள் தாத்தா அதில்தான் வந்தார் என்பார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. படகில் போய், ஆடுகிற ஏணியில் மூட்டையோடு ஏற வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் கேபின். நடுவா நுனியா என்று யார் கேட்டார்கள்? முந்திக்கொண்டவருக்கு நிழல். பினாங்கு வந்ததும் நேரே ஊருக்குள் விட்டுவிடவும் இல்லை. தளப் பயணிகளை ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் நொடி இல்லை என்று தெரிகிறவரை வைத்திருப்பார்கள்.

"அப்பாவுக்கும் ஷோர் எக்ஸ்கர்ஷன் இருந்தது" என்று மாமா இதையும் கப்பல் கணக்கிலேயே சொல்வார். பின்னாளில் சிதம்பரம் கப்பல் அதே வழியில் ஓடியது. 1985இல் தீப்பிடித்ததோடு அதுவும் நின்றது. பால்கனி கேபினில் சாய்ந்துகொண்டு, தலையணை மெத்தென்று இல்லை என்று புகார் எழுதும் மகனை அந்த அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஒருநாள் கேட்டேன். "தலையணையா, குடுத்தானான்னு கேட்டிருப்பார்" என்றார் மாமா.

மாமாவின் உண்மையான பெருமை இனிமேல்தான் வருகிறது. அவர் எடுக்கும் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிறவை. அதாவது பினாங்கில் இருப்பவர் பினாங்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் விமானத்தில் பறந்து சிங்கப்பூர் போய், ஓட்டலில் ஒரு ராத்திரி காசு கொடுத்துப் படுத்து, கப்பலேறி, மறுநாள் பினாங்குக்கு வந்து இறங்குகிறார். கைப்பையில் தண்ணீர் போத்தல், தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வாசலில் நிற்கும் டிரைஷாக்காரர், "ஹலோ சார், சிட்டி டூர்?" என்கிறார். மாமாவுக்கு அதில் அத்தனை குஷி.

அன்று அவர் கப்பல் தோழர்கள் நாலைந்து பேருக்கு வழிகாட்டி. கம்பெனி விற்கும் ஊர்சுற்றல் டிக்கெட்டைப் பினாங்கில் வாங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. துறை ஊருக்குள்ளேயே இருக்கிறது, நடந்தாலே குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும், கால் வலித்தால் காசில்லாத கேட் பஸ் இருக்கிறது. புக்கெட்டுக்கு மட்டும் வேறு எச்சரிக்கை: படோங்கில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போடும், சின்னப் படகுக்குச் சீட்டு வாங்க முந்த வேண்டும், தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். கப்பல் நேரத்தைப் பார்க்காமல் கடை வாசல் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புகிறவர், கரையிலிருந்து கை காட்ட வேண்டியதுதான்.

தோழர்களை லிட்டில் இந்தியாவில் விட்டுவிட்டு மாமாவும் அத்தையும் வீட்டுக்குப் போவார்கள். தபால் பெட்டியைப் பார்ப்பார்கள். துளசிக்குத் தண்ணீர். கேபின் குளியலறை சின்னது என்று நிம்மதியாக ஒரு குளியல். மறந்துவிட்டுப் போன ஊறுகாய். போன தடவை அத்தை குளித்துவிட்டு, உலை வைத்து, ரசம் வைத்து, சாப்பிட்டு, சீரியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கிளம்பு, கிளம்பு. ஒன்பது மணிக்குள்ள ஏறியாகணும்."

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல."

"ரெண்டு பேருக்குக் காசு கட்டியிருக்கேன்!"

"அதான் பாதி தூரம் வந்தேன்ல."

மாமா தனியே போய்க் கவுண்டரில் விவரம் சொல்லி, கையெழுத்துப் போட்டு, மிச்சப் பயணத்தை முடித்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து நாசி கண்டார் கடைப் பாடத்தில் ஒரு அத்தியாயம் கூடியிருக்கிறது: நடுவழியில் ஒருவர் இறங்கிக்கொண்டால் யாரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், எந்தக் காசு திரும்ப வரும், எது வராது. (பெரும்பாலும் வராது.)

அத்தையிடம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை. நான் கேட்டேன்.

"பினாங்குல நிக்கிற கப்பலாப் பார்த்து எடு, தம்பி" என்றார். "சாவியை மட்டும் அவர் கழுத்துல விட்டுடாதே. நீயே வெச்சுக்கோ."