தாலுகா ஆபீஸ் இங்கே வீட்டுக்கு வீடு

ஸ்டுட்கார்ட் பக்கம்,
15-3-2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள், "அங்கே பேப்பரே கிடையாதாமே, எல்லாம் போனிலேயே முடிஞ்சிருமாமே?" என்று. உங்களிடம் அப்படிச் சொன்னவர் ஜெர்மனியை விமானத்திலிருந்து பார்த்திருப்பார். தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் தன்பதிவேடு எழுதிய நீங்கள் இங்கே வந்தால் மறுபடி வேலையில் சேர்ந்த மாதிரி இருக்கும். தபால் வரும். தேதி குறிக்க வேண்டும், துளை போட வேண்டும், கோப்பில் சேர்க்க வேண்டும். என்ன, உங்களுக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். இங்கே அவரவர் வீட்டுக்கு அவரவரே சம்பளமில்லாத ஹெட் கிளார்க்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஓர் அலமாரி நிறையத் தடித்த அட்டைக் கோப்புகள் நிற்கும். வரி, வாடகை, இன்சூரன்ஸ், பள்ளிக்கூடம் என்று முதுகில் சீட்டு ஒட்டியிருக்கும். விரல் விட்டு இழுக்க அதிலேயே ஓர் ஓட்டை. உள்ளே இரும்பு நெம்பு ஒன்று. அதைத் தூக்கினால் இரண்டு கம்பியும் 'டக்'கென்று வாயைத் திறக்கும், எந்தத் தாளை வேண்டுமானாலும் நடுவிலிருந்து உருவலாம். இதற்குப் பிறந்த வீடே ஸ்டுட்கார்ட்தான். 1871-இல் லூயிஸ் லைட்ஸ் என்பவர் இங்கே பட்டறை போட்டார். நெம்பு வைத்த கோப்பு 1896-இல் வந்தது. துளை போடும் கருவிக்கு 1886-லேயே பான் நகரத்து ஃபிரீட்ரிஷ் ஸோனெக்கன் காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டு துளைக்கும் நடுவே 8 சென்டிமீட்டர், அதில் மாற்றமே கிடையாது. ஒற்றை டேகை முடிச்சவிழ்த்து, பைலையே மேஜை முழுக்கப் பரப்பி, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கத்துவீர்களே, அந்தப் பாக்கியமெல்லாம் இவர்களுக்கு இல்லை.

அப்படியானால் போன் எதற்கு என்று கேட்பீர்கள். போன் இந்தக் கோப்புக்கு எடுபிடி. தபால் வந்ததும் உங்கள் மருமகள் அதை மேஜையில் பரப்பிப் போனில் ஸ்கேன் செய்கிறாள். ஜெர்மன் புரியாத இடத்தைப் போனே மொழிபெயர்த்துக் காட்டும். பிறகு பெயர் வைக்கும் வைபவம். வருஷம் முதலில், அப்புறம் மாதம், அப்புறம் நாள், கடைசியில் விஷயம்: '2026-03-12 தண்ணீர்க் கட்டணம்'. நம் வழக்கப்படி நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 12-ஆம் தேதியும் ஒரே இடத்தில் கூட்டம் போட்டுவிடும். வருஷத்தை முன்னால் போட்டால் தானே வரிசையில் நிற்கும். உங்கள் மருமகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மஞ்சள் உறை வந்தால் மட்டும் வீடே அமைதியாகிவிடும். அது சட்டப்படி சேர்ப்பிக்கும் தபால். தபால்காரர் உறை மேலேயே அன்றைய தேதியை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். நாம் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் கெடு அன்றிலிருந்து ஓட ஆரம்பிக்கும். இரண்டு வாரமோ ஒரு மாதமோ, உள்ளே போட்டிருக்கும். அதனால் உறையையும் சேர்த்து ஸ்கேன் செய்து, கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் போனில் அலறல் வைக்கிறோம். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வருமான வரிக் கணக்கை இணையத்திலேயே கொடுக்கலாம். ஆனால் கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீட்டில் பாதி மின்னஞ்சலில் வரும், மீதி தபாலில் வரும். இணையத்துக்குள் நுழையத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் தேசம் இது!

குப்பைக்கும் செயலி இருக்கிறது. பழுப்புத் தொட்டியில் சமையல் கழிவு, மஞ்சளில் பிளாஸ்டிக் உறை, மற்றதற்கு மற்ற நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள். தெருப் பெயரைக் கொடுத்துவிட்டால் முந்தின நாள் சாயங்காலமே போன் 'நாளைக்குப் பழுப்பு' என்று சொல்லிவிடும். போன் சொன்னால் என்ன, சோபாவில் இருப்பவன் எழுந்திருக்க வேண்டுமே. ஒரு தட்டு தட்டினால் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொள்ளும், இன்னொரு தட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம்.

இந்தச் செயலியையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் சாதனம் ஒன்று எங்கள் மாடிப்படியில் இருக்கிறது. கையகல மரப்பலகை. மேலே ஒரு துளை, அதில் அழுக்கேறிய சணல் கயிறு. 'கேர்வோஹே', அதாவது பெருக்கும் வாரம், என்று பெயிண்டில் எழுதியிருக்கும். பல கை பட்டு நடு எழுத்துகள் தேய்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் அது தொங்கினால், அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைப்பதும் வாசல் நடைபாதையைப் பெருக்குவதும் நம் முறை. யார் மாட்டினார்கள் என்று தெரியாது, மணியடிக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்து ஸ்வேபியர்களின் பழக்கம் இது. குப்பையை வாராவாரம் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஸ்டுட்கார்ட் நகரச் சட்டத்தில் 1492-லேயே எழுதிவிட்டார்கள். கொலம்பஸ் கப்பலேறிய அதே வருஷம். அவர் ஊரை விட்டுப் போனார், இவர்கள் ஊரைப் பெருக்கினார்கள்.

போன் அடித்தால் அணைத்துவிடலாம், பலகையை அணைக்க வழியில்லை. வேலையை முடித்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டினால்தான் நம்மை விட்டுப் போகும். போதாததற்குக் கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படிக் கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். தாசில்தார் இன்ஸ்பெக்‌ஷன் தோற்றது போங்கள். நம் கதவிலும் தொங்கி, நாலு பேர் கண்ணிலும் படுகிற நினைவூட்டலை எந்தச் செயலியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி. உங்கள் மருமகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. பலகை வரும் வாரத்தையும் போன் காலண்டரில் பச்சை நிறத்தில் போட்டு வைத்திருக்கிறாள்.

காலண்டர் இல்லாமல் இங்கே தோசைகூடக் கிடைக்காது. ஆபீஸ் நண்பர் ஒருவரை "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்" என்று சம்பிரதாயத்துக்குக் கூப்பிட்டேன். மனிதர் அங்கேயே போனை எடுத்துப் புரட்டி, ஒன்றரை மாதம் தள்ளி ஒரு சனிக்கிழமை, 3 மணி முதல் 5 மணி வரை என்று குறித்துக்கொண்டார். அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் 3 மணிக்குச் சற்று முன்பே வந்து, எதிர்ச்சாரியில் குடையோடு நிற்கிறார். மழை வேறு. சரியாக 3 மணிக்கு மணியடித்தார். 5 மணிக்கு, இரண்டாவது தோசை தட்டில் பாதி இருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். சித்தி இருந்திருந்தால் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதால் சாமான் பட்டியலும் போனில்தான், வீட்டில் எல்லோர் போனிலும் ஒரே பட்டியல். நான் கடையில் தள்ளுவண்டியோடு நிற்கும்போதே சின்னவள் வீட்டிலிருந்து ஐஸ்கிரீமைச் சேர்த்துக்கொண்டிருப்பாள். பேசினால் எழுதிக்கொள்ளும் பெட்டியும் ஒன்று உண்டு. ரசப்பொடி என்று சொன்னால், புல்தரைக்குப் போடும் ஏதோ ஒன்றைப் பட்டியலில் ஏற்றுகிறது. அதை இப்போது அலாரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே மாதச் சீட்டு இருப்பதைச் சொன்னேன் அல்லவா? 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள், 2026 ஜனவரியிலிருந்து 63. வேண்டாமென்றால் 10-ஆம் தேதிக்குள் சொன்னால்தான் அடுத்த மாதம் பணம் பிடிக்க மாட்டார்கள். ஆகஸ்டில் ஊருக்கு வருகிறோம். அந்த மாதச் சீட்டை நிறுத்தச் சொல்ல ஜூலை 8-க்கே போனில் மணி வைத்தாகிவிட்டது.

இப்போது முக்கியமான சேதி. வருகிற 29-ஆம் தேதி ஞாயிறு அதிகாலை இங்கே கடிகாரத்தை 2 மணியிலிருந்து 3-க்குத் தள்ளிவிடுவார்கள். நமக்கும் இவர்களுக்கும் இப்போது நாலரை மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து மூன்றரை. சனிக்கிழமை உங்களைக் கூப்பிடுவதை ஜெர்மன் நேரப்படி குறித்து வைத்திருந்தால், இனி உங்களுக்கு 7 மணிக்கே மணியடித்து, சித்தியின் சீரியலில் போய் இடிக்கும். அதனால் உங்கள் மருமகள் அதை இந்திய நேரத்தில் போட்டிருக்கிறாள். போனுக்கு இந்தியா என்றால் கொல்கத்தாதான். பரவாயில்லை, நம்மூருக்கும் அதே நேரம்தானே. ஆக உங்களுக்கு எப்போதும்போல இரவு 8 மணி, எங்களுக்கு மட்டும் மூன்றரை இனி நாலரையாகும். சித்தியிடம் சொல்லிவிடுங்கள், சீரியல் தப்பித்தது.

அன்புடன்,
உங்கள் பெரியவன்