தேடற்பயணத்தில் அடுப்பங்கரை: ஓர் ஆராய்ச்சி

இளவரசியை மீட்கக் கிளம்பிய வீரன் வழியில் என்ன சாப்பிட்டான்? ஏழு கடல், ஏழு மலை தாண்டும் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த மானிட இனம் இந்த வினாவை எழுப்பாமலே தூங்கிப்போனது ஆராய்ச்சி உலகின் பெருங்குறை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

முன்னோர் கூற்றை மறுத்துவிட்டுத் தொடங்குவது மரபு. ருஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928இல் மாயக்கதைகளை அலசி ஆராய்ந்து, 31 செயல்களாக அடுக்கிக் காட்டினார். நாயகன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான், மந்திரப் பொருள் கிடைக்கிறது, வில்லனை வெல்கிறான், கடைசியில் கல்யாணமும் ஆகிறது. ஆனால் அந்த 31இல் சமையல் இல்லை. பந்தி இல்லாத கல்யாணத்தை ஒப்புக்கொண்ட ஒரே அறிஞர் இவராகத்தான் இருப்பார்.

இந்த இடத்தில் கை கொடுப்பவர் டயானா வின் ஜோன்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர். 1996இல் அவர் வெளியிட்ட 'டஃப் கைடு டு ஃபேன்டசிலேண்ட்', மாய உலக நாவல்களுக்குள் சுற்றுலா போவோருக்கான அகராதி. அந்த நாட்டில் எங்கே தங்கினாலும் ஸ்டூதான். விரட்டிவரும் பகைவனுக்குத் தப்பி ஓடுகிறவன் எளிதில் வேகும் எதையாவது தின்றுவிட்டு நகரமாட்டானா? மாட்டான், மணிக்கணக்கில் கொதிக்கும் கறிக்குழம்பே வேண்டும் அவனுக்கு. அங்கே குதிரைகளுக்குக் களைப்பே கிடையாது, மனிதர்களுக்குக் காலுறை கிடையாது என்பனவும் அந்நூல் தரும் செய்திகள். காலுறை நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. வாசனை கருதியும் விலக்கப்பட்டது.

அற்றேல், பகடி செய்தவர் தாமே நாவல் எழுதினால் வீரனுக்குச் சோறு போட்டாரோ எனின், போட்டார். 1986இல் வந்த 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' காண்க. கதை நடக்கும் இங்கரி நாட்டில், மூன்று பிள்ளைகளில் மூத்தது அதிர்ஷ்டம் தேடிப் போனால் உருப்படாது என்பது ஊரறிந்த விதி. மூத்தவள் சோஃபி அதை அப்படியே நம்பித் தொப்பிக் கடையில் முடங்கிக் கிடக்கிறாள். சூனியக்காரி ஒருத்தி அவளைக் கிழவியாக்கிவிட, நேரே மந்திரவாதி ஹௌலின் நடமாடும் கோட்டைக்குள் நுழைந்து, ஒட்டடை அடிக்கத் தொடங்கிவிடுகிறாள். அடுப்பிலிருப்பதோ கால்சிஃபர் என்னும் தீப்பூதம். ஹௌல் தவிர வேறு யாருக்காகவும் தலை குனிந்து வாணலி ஏற்காத பூதம் அது. தண்ணீரை ஊற்றிவிடுவேன், இடுக்கியால் விறகை உருவிவிடுவேன் என்று சோஃபி ஓர் அதட்டல் போடுகிறாள். தலை தானாகக் குனிகிறது. வாளெடுத்த வீரர்களில் இத்தனை விரைவாகப் பூதத்தை அடக்கியவர் யாரையும் யான் அறியேன்.

இன்னும் நுட்பம் ஒன்றுண்டு. (கதையைப் படிக்காதோர் இப்பத்தியைத் தாண்டிச் செல்க.) நம் கதைகளில் அரக்கன் தன் உயிரைக் கடல் கடந்த தீவில் கிளிக்குள் ஒளித்து வைப்பான். ஹௌலின் இதயம் இருப்பது அடுப்பில், அந்தப் பூதத்திடம். தினமும் முட்டை பொரிக்கிற இடத்தில் உயிரை வைத்தவன் அரக்கனைவிட அசடா, அறிவாளியா என்பதில் எனக்கே இருமனம். கிளியைத் தேடிப் போக ஆயிரம் பேர் உண்டு. அடுப்பைத் துடைக்கப் போகிறவர் வீட்டுக்கு ஒருவர்தான்.

அமெரிக்கரான பட்ரீசியா ரீடி 1990இல் எழுதிய 'டீலிங் வித் டிராகன்ஸ்' அடுப்பங்கரைக் கட்சிக்கு வலுச் சேர்க்கும். பிடிக்காத இளவரசனைக் கட்டிக்கொள்ள மனமில்லாத சீமோரீன், தானே போய் டிராகனிடம் வேலைக்குச் சேர்கிறாள். செர்ரிப் பழத்தில் இனிப்புச் செய்யத் தெரியும், லத்தீன் தெரியும் என்ற தகுதிகளே அவளைக் காக்கின்றன. மீட்க வரும் வீரர்களோ ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்கிறார்கள். கைவேலையாக இருப்பவளுக்கு அவர்களை நயமாகத் திருப்பியனுப்புவதே தனி வேலையாகிறது.

பழைய கதையை ஏளனம் செய்து எழுதியவை இப்படிச் சுவைப்பதில்லை என்பது என் துணிபு. இவ்விருவரும் விதிகளை மதிக்கிறார்கள். மதித்துக்கொண்டே, மாதச் செலவுக்கு என்ன வழி என்று கேட்கிறார்கள்.

இம்மரபு இவர்களோடு பிறந்ததன்று. கென்னத் கிரஹாம் 1898இலேயே 'தி ரிலக்டண்ட் டிராகன்' கதையில், கவிதை எழுதும் சோம்பேறி டிராகனையும் புனித ஜார்ஜையும் ஒரு சிறுவனை நடுவில் வைத்து உட்கார வைத்து, சண்டையை எப்படி நடத்துவது, ஈட்டி வலிக்காமல் எங்கே இறங்குவது என்று பேசி முடிக்க வைத்துவிட்டார். மறுநாள் சண்டை ஊர் மெச்ச நடந்தது. பிறகு விருந்து, டிராகனுக்கும் அதில் இடம் உண்டு. பிராப் அடுக்கத் தவறிய 32ஆம் செயல் அதுவே எனக் கொள்க.