கரண்ட் பில் சாட்சியாக

பிட்ஸ்பர்க்,
புரட்டாசி மாதம்.

தேவரீர் பெரியப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.  

மாணவனாக வந்தவன் கிருகஸ்தனாகி, அதை முன்னிட்டு இத்தேசத்தில் நிரந்தரவாசம் கோரி மனுப்போட்டிருக்கிறேன் என்று போனில் சொன்னபோது, "கல்யாணந்தான் ஆகிவிட்டதே, அப்புறம் மனு எதற்கு?" என்று கேட்டீர்கள். முப்பத்தைந்து வருஷம் தாலுகா ஆபீசில் உத்தியோகம் பார்த்து, எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்பவனிடமே அவன் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கேட்ட தாங்களா இப்படிக் கேட்பது என்று எனக்கு ஆச்சரியமாகிவிட்டபடியால், விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், தாங்கள் மனமுவந்து கொடுத்த பட்டா நகலைக் கையில் வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவேன் என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்த அம்மாளிடம் நான் சொன்னது தங்களுக்கு ஞாபகமிருக்கும். அன்றைக்கு அது சத்தியந்தான். மாணவ விசா கேட்கிறவன், தாய்நாட்டு வீட்டைக் கைவிடும் உத்தேசம் இல்லாதவனென்று காட்டியாக வேண்டும். அதே ஆசாமி இங்குள்ள பிரஜை ஒருத்தியை மணந்துகொண்டாலோ, இனி அவளை விட்டு எங்கும் போகிறவனல்ல என்று காட்டியாக வேண்டும். இடையில் மனம் மாறியதைச் சர்க்கார் பெரிதுபடுத்துவதில்லை. பாரம் பூர்த்தி செய்யச் சொல்கிறது, அவ்வளவுதான். பாரம் என்று நம்மவர்கள் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள்! அவள் பங்குக்கு ஐ-130, என் பங்குக்கு ஐ-485. இந்த இரண்டாவதற்கு மட்டும் நான் கட்டிய கட்டணம் 1,440 டாலர்.

இத்தனைக்கும் கல்யாணம் என்னவோ சுலபமாகத்தான் நடந்தது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென் ஸ்தாபித்த இந்தப் பென்சில்வேனியாவில், லைசென்சுக்கு எழுதிக்கொடுத்து மூன்று நாள் காத்திருந்தால் போதும். குவேக்கர்களின் வழக்கத்தை அனுசரித்து, புரோகிதரோ நீதிபதியோ இல்லாமலே, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வதூவரர்கள் தாங்களே தம்பதிகளாகிவிடலாம். 1967-ல் அண்ணா சர்க்கார் சுயமரியாதைக் கல்யாணத்தைச் சட்டமாக்கியதை இன்றளவும் ஜீரணிக்காத தாங்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பீர்களென்றுதான், அப்பாவும் அம்மாவும் வந்திருந்த சமயம் பார்த்து, பென் ஹில்ஸ் குன்றின் மேலுள்ள வெங்கடேஸ்வரர் சந்நிதியில் முறைப்படி திருமாங்கல்யதாரணமும் செய்துகொண்டேன்.

ஆனால் அக்னியும் பெருமாளும் இங்கே சாட்சிக் கூண்டில் ஏற்கத்தக்கவர்களல்லர். இருவர் பெயரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்த வங்கிக் கணக்கு, சேர்ந்து போட்ட வருமான வரிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக இருவர் பெயரும் அச்சான கரண்ட் பில், இவையே விவாகத்துக்குப் பிரமாணம். தங்கள் மருமகள் மாதாமாதம் அந்தப் பில்லை, பெரியம்மா துளசி மாடத்தைச் சுற்றும் பக்தியோடு, பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கோப்பில் சேர்க்கிறாள். ஐம்பத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தங்களையும் பெரியம்மாவையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தினால், ரேஷன் கார்டு ஒன்றைத் தவிரத் தங்களைக் காப்பாற்ற நாதியில்லை.

பாரத்தில் கேட்கப்படும் கேள்விகளோ விசித்திரமானவை. கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்ததுண்டா என்பது ஒன்று. கல்லூரி நாளில் மே தின ஊர்வலத்தில் சுண்டலுக்காக நடந்தது சேருமா என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். பலதார மணம் புரிய உத்தேசமுண்டா என்பது இன்னொன்று. ஒரு தாரத்துக்கே இவ்வளவு காகிதம் கேட்கிறவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பயப்படுவது வீண். ஐ-864 என்று ஒரு பத்திரம், அதில் புருஷனைத் தன் வருமானத்தில், வறுமைக் கோட்டின் 125 சதவிகிதத்துக்குக் குறையாமல், வைத்துக் காப்பாற்றுவதாகப் பெண்டாட்டி கையெழுத்திட வேண்டும்; விவாகரத்தானாலும் அந்தப் பொறுப்பு தீராதாம். வரதட்சிணை வாங்காதது பற்றிக் குறைப்பட்ட அத்தையிடம் இதைச் சொல்லவும்.

சென்ற செவ்வாய்க்கிழமை நேர்காணல். அதிகாரி கதவைத் திறந்து அப்பாவின் பெயரைச் சொல்லி உரக்க அழைத்தார். ஊரில் ஊஞ்சலில் படுத்திருக்கும் அப்பாவை இவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்று நான் திகைத்து உட்கார்ந்திருக்க, பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராக்கிய வினையால் அது நானேதான் என்பதை மருமகள் முழங்கையால் இடித்து உணர்த்தினாள். வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தோம். கோயில் படிக்கட்டில் கைகளைத் தொங்கவிட்டு விறைத்து நிற்கும் நம் உறவினர் பதினான்கு பேரையும் அவர் நெடுநேரம் பார்த்து, "இவர்களுக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லையா?" என்று கேட்டார். "அது சந்தோஷம்" என்றேன். அவர் நம்பவில்லை. அப்பொழுது மருமகள், "நான் சம்மதம் சொன்ன அன்று இவர் முகமும் இப்படித்தான் இருந்தது" என்றாள்; அதிகாரி சிரித்துவிட்டார்.

நிரந்தரவாசக் கார்டு வந்தாலும், கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையாதவர்களுக்கு, 1986-ஆம் வருஷச் சட்டப்படி, நிபந்தனையோடு இரண்டு வருஷத்துக்குத்தான். அது முடியுமுன் 90 நாளுக்குள், இன்னமும் சேர்ந்துதான் வாழ்கிறோமென்று மறுபடி மனுப்போட வேண்டும். தங்கள் பாஷையில் சொன்னால் புரொபேஷன். அது போகட்டும், இந்த மனு நிலுவையிலிருக்கும்போது முன் அனுமதியின்றி நான் கடல் தாண்டினால், மனுவைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். அந்த அனுமதிக்குப் பெயர் பரோல்! தை மாதம் தங்கள் சதாபிஷேகத்துக்கு நான் வருவது இதில் சிக்கியிருக்கிறது.

சிக்கலை அவிழ்ப்பது தங்கள் கையில். நான் பிறந்த ஐந்தாம் நாளே, பதினோராம் நாள் பெயர் வைக்கும்வரை பொறுக்காமல், தாத்தா ஓடிப்போய்ப் பிறப்பைப் பதிவு செய்துவிட்டபடியால், என் பிறப்புச் சான்றிதழில் "ஆண் குழந்தை" என்றுதான் இருக்கிறது. அந்தக் குழந்தை நானென்பதற்கு அத்தாட்சி எங்கே என்று அதிகாரி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகையால் தாங்கள் சிரமம் பாராது நம்மூர் முனிசிபாலிட்டிக்குப் போய், பெயர் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டியது. "நாளைக்கு வாருங்கள்" என்று சொன்னால் கோபிக்க வேண்டாம். இன்னாரென்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். தாங்கள் ஒரு காலத்தில் நாளைக்கு வரச் சொன்ன யாருடைய பேரனாவது அந்த நாற்காலியில் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்.