தோற்கிற அணியை விடாமல் பிடித்துக்கொள்வது எப்படி? (கீரனூர்க்காரர்களுக்கு மட்டும்)

2025 ஐ.பி.எல்.லில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்தாவதாக வந்தது. ஆடியதே பத்து அணிதான். ஐந்து கோப்பை பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு இது தாங்கவில்லை. மஞ்சள் சட்டைகள் பீரோவுக்குள் போயின. இனிமேல் கிரிக்கெட்டே பார்ப்பதில்லை என்று டீக்கடையில் சத்தியம் செய்தவர்களும் உண்டு. ஒரே ஒரு வருஷத்துக்கே இந்தப் பாடு! இப்படிப்பட்டவர்களைக் கைதூக்கிவிடத்தான் இந்தக் குறிப்பு. எழுதுகிறவன் தமிழ்நாடு ரஞ்சி அணியின் ஆள். வறட்சி விஷயத்தில் எங்களை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது, மானாவாரிக் காட்டுக்காரர்களை விட்டால்.

முதலில் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ரஞ்சிக் கோப்பையை நாம் ஜெயித்தது இரண்டே தடவை. 1954-55இல் மதராஸ் என்ற பெயரில், இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ரன்னில் வீழ்த்தினோம். அடுத்தது 1987-88. வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை ஒரு இன்னிங்ஸ், 144 ரன் வித்தியாசத்தில் புரட்டி எடுத்தோம். அதற்கப்புறம் 1992, 1996, 2003, 2004, 2012, 2015 என்று ஆறு பைனல். ஆறிலும் தோல்வி. அஸ்வின் டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தார், ரஞ்சிக் கோப்பையைத் தொட்டதில்லை. தினேஷ் கார்த்திக், பத்ரிநாத், முரளி விஜய் எல்லாருக்கும் அதே கதிதான். இந்த வரிசையை மனப்பாடம் செய்து, நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்க முடிந்தால் நீங்கள் பாஸ்.

அடுத்த வேலை, 1988ஐப் பார்த்த பெரியவர் ஒருவரைப் பிடிப்பது. ஊருக்கு ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியாராக. அவரிடம் வி.பி. சந்திரசேகரைப் பற்றிக் கேளுங்கள். கோப்பை வாங்கிய கையோடு, இரானிக் கோப்பையில் ரெஸ்ட் ஆஃப் இந்தியாவுக்கு எதிராக அவர் 56 பந்தில் சதம் அடித்தார். கணக்குப்படி 56தான். பெரியவர் சொல்லச் சொல்லப் பந்து குறையும், நாற்பத்தெட்டுக்கும் வரும். குறுக்கே பேசாதீர்கள். அடுத்த கோப்பை வரும்வரை நம்மிடம் இருக்கிற சொத்து அவர் ஒருவர்தான். "டீ சொல்லட்டுங்களா சார்?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தூங்கத் தெரிய வேண்டும். 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ராஜஸ்தானோடு பைனல். எதிரே நிற்பது, இரண்டு வருஷத்துக்கு முன் பிளேட் என்கிற கீழ்ப் பிரிவில் கிடந்த அணி. நம் ஊர், நம் மைதானம். சும்மா இருக்க முடியாமல் கப்பை எங்கே வைப்பது என்று சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வினீத் சக்சேனா உள்ளே வந்தார். 15 மணி நேரம் நின்றார். 257 ரன். அந்த மாதிரி ஆட்டத்தை முழித்திருந்து பார்ப்பவனுக்கு ரத்தக் கொதிப்புதான் மிச்சம். காலை உணவுக்குப் பின் ஒரு தூக்கம், சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம். ஒவ்வொரு தடவை கண் திறக்கும்போதும் சக்சேனா பந்தைக் காலடியில் தட்டிவிட்டு நிற்பார். ராஜஸ்தான் 621. நாம் 295. ரஞ்சி பைனல் டிராவில் முடிந்தால் முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்குத்தான் கோப்பை. ஆக, கடைசி நாள் முடிவதற்கு வெகு முன்பே நாம் தோற்றாகிவிட்டது, ஆட்டம்தான் முடியவில்லை. இப்படியொரு நிலைமை ஐ.பி.எல். பார்க்கிறவனுக்கு வாழ்க்கையில் வாய்க்காது.

சாக்கு தயார் செய்வது ஒரு கலை. டாஸ், பிட்ச், அம்பயர், பனி, தேர்வுக்குழு, இந்தியா ஏ அணிக்குப் போன ஆட்கள் என்று கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2024 மார்ச்சில் மும்பையில் நடந்த அரையிறுதி இந்தத் தொழிலையே கெடுத்துவிட்டது. டாஸ் ஜெயித்தோம். பச்சையாக இருந்த பிட்ச்சில் பேட்டிங் எடுத்தோம். 146 ஆல் அவுட். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே தோற்றுவிட்டோம் என்று நம் பயிற்சியாளரே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். பயிற்சியாளரே சொன்னபிறகு ரசிகன் எதைச் சொல்ல? அதைவிடக் கொடுமை நடுவில் நடந்தது. மும்பை 106க்கு 7 விக்கெட். சாய் கிஷோர் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போனை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்க வேண்டும். போகாதவர்கள் ஷர்துல் தாக்கூரின் 109ஐ முழுசாகப் பார்த்தார்கள். மும்பை 378. மூன்றே நாளில் ஆட்டம் முடிந்தது. எதிரணி ஏழு விக்கெட் இழந்தபின் ஸ்கோர் பார்ப்பது உடம்புக்கு ஆகாது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நேரில் பார்க்க ஆசை வந்தால் நத்தம் போகலாம். என்.பி.ஆர். கல்லூரி வளாகத்துக்குள் மைதானம், சிறுமலைப் பக்கம். நம் திண்டுக்கல் மாவட்டம்தான் என்று சும்மா கிளம்பிவிட வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கீரனூர் இருக்கிறது, அங்கேயிருந்து கிளம்பினாலும் ஏறக்குறைய இதே அலைச்சல்தான். நாம் பழனிக்கு வடக்கே, தாராபுரத்துச் சாலைப் பக்கம். நத்தம் மாவட்டத்தின் மறுகோடி. பழனி போய், ஒட்டன்சத்திரம் தாண்டி, திண்டுக்கல்லில் இறங்கி, மறுபடி நத்தம் பஸ் ஏற வேண்டும். டாஸ் போடுவதைப் பார்க்க நினைப்பவன் முதல் நாள் ராத்திரியே திண்டுக்கல்லில் யார் வீட்டுத் திண்ணையிலாவது படுத்துக்கொள்வது நல்லது.

அங்கே போய் என்ன பார்க்கலாம் என்றால், 2019 டிசம்பரைச் சொல்லலாம். 9ஆம் தேதியிலிருந்து 12 வரை, கர்நாடகாவோடு. அவர்கள் 336, நாம் 307. இரண்டாவது இன்னிங்ஸில் அவர்களை 151க்குச் சுருட்டினோம். ஜெயிக்க 181. நாலாம் நாள் தேய்ந்த பிட்ச்சானாலும் எட்டக்கூடிய ரன்தான். கிருஷ்ணப்ப கௌதம் என்கிற ஆஃப் ஸ்பின்னர் பந்தைக் கையில் வாங்கினார், 60 ரன் கொடுத்து எட்டுப் பேரை அனுப்பினார். ஆட்டம் முழுதும் சேர்த்து அவருக்குப் பதினாலு விக்கெட். நாம் 154. தோல்வி 26 ரன்னில். சொந்த மாவட்டத்தில், நமக்காகவே போட்ட சுழல் பிட்ச்சில், பக்கத்து மாநிலத்துக்காரன் சுழற்றிவிட்டுப் போனான். அடுத்த ஆட்டமும் அதே மைதானம், அதில் இமாச்சலிடம் தோற்றோம். இரண்டுக்கும் போனவருக்கு எந்தப் பரீட்சையும் தேவையில்லை, நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நேர்த்திக்கடன் விஷயத்தில் கவனம் தேவை. பழனி பக்கத்திலேயே இருப்பதால் கை தானாகக் கும்பிட்டுவிடும். அதுவும் ரஞ்சி சூடுபிடிக்கிற நேரமும் தைப்பூசமும் அடுத்தடுத்து வரும், சாலை நிறையப் பாதயாத்திரைக் கூட்டம். "முருகா, கோப்பை வந்தால் மொட்டை" என்று அந்த வேகத்தில் வேண்டிவிடாதீர்கள். 1988க்கு அப்புறம் யாராவது அப்படி வேண்டியிருந்தால் இப்போது அவர் சடையைச் சுருட்டித் தோளில் போட்டிருப்பார். காலிறுதிக்கு வந்தால் மொட்டை என்று வேண்டுங்கள். 2025இலும் வந்தார்களே. நாக்பூரில் விதர்பாவிடம் 198 ரன்னில் தோற்றது மொட்டை போட்டபிறகு வரும் செய்தி, அது கணக்கில் சேராது.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். தோல்வி யாருக்கும் பழகிவிடும். நம் கஷ்டம் வேறு. நாம் தோற்றது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. சி.எஸ்.கே. தோற்றால் சலூனில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் கேலி செய்ய ஆள் வரிசையில் நிற்கிறது. ரஞ்சி வார நாளில், காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. பாதி ஆட்டம் டிவியில் வருவதே இல்லை. அரையிறுதியில் தோற்றுவிட்டு முகம் தொங்கப் போய் உட்கார்ந்தால், "என்ன மாப்ள, வீட்ல சண்டையா?" என்பார்கள். ஆகவே கேலி செய்ய ஒரு ஆளைத் தயார் பண்ணுங்கள். அவனுக்கு ரஞ்சியைப் பற்றிப் பாடம் எடுங்கள். புள்ளிக் கணக்கு சொல்லுங்கள்: ஜெயித்தால் 6, டிராவில் முந்தினால் 3, பிந்தினால் 1. செலவு உங்களுடையதுதான், ஆனாலும் பிப்ரவரி மாதம் "என்னடா, இந்த வருஷமும் ஊத்திக்கிச்சா?" என்று அவன் கேட்கும்போது மனதில் ஒரு நிறைவு வரும் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், அணி நிஜமாகவே மோசமாக இருந்துவிட்டால் விட்டுத் தொலைக்கலாம். இது விடவும் விடாது. விஜய் ஹசாரே கோப்பையை ஐந்து முறை வாங்கியிருக்கிறது. சையது முஷ்டாக் அலி மூன்று முறை. 2021 பைனலில் கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும், ஷாருக் கான் கர்நாடகாவுக்கு எதிராக சிக்ஸர் தூக்கினார். 2022இல் அருணாசலப் பிரதேசத்தோடு ஐம்பது ஓவரில் 506 அடித்தார்கள், ஜெகதீசன் மட்டும் 277. வெள்ளைப் பந்தைக் கொடுத்தால் புலி. சிவப்புப் பந்தை நீட்டினால் கைநடுக்கம். இந்த சந்தோஷங்களை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விசுவாசத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

உலகத்தில் நமக்கு அண்ணன்மார் உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். பந்து தரையில் குத்தாமல் வருவதால் அங்கே பிட்ச்சைக் குறை சொல்லும் வசதி கிடையாது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1918இல் ஜெயித்த பிறகு 2004 வரை காத்திருந்தது. அதுகூடப் பணக்கார அணி. நம் வணக்கத்துக்குரியவர்கள் கால்டெக் கல்லூரிப் பையன்கள். நோபல் பரிசு விஞ்ஞானிகள் நடமாடும் இடம், பேஸ்பாலில் மட்டும் தொடர்ந்து 228 ஆட்டம் தோற்றது. பத்து வருஷத் தோல்வி. சேர்ந்த பையன் தோற்று, படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகியிருப்பான், கல்லூரி இன்னும் தோற்றுக்கொண்டே இருக்கும். 2013 பிப்ரவரி 2ஆம் தேதி பசிபிகா என்ற கல்லூரியை 9-7 என்று ஜெயித்தார்கள். இவர்கள் கதையை வீட்டில் சொல்லிவையுங்கள். "உங்க டீம் மட்டும் ஏங்க இப்படி?" என்ற கேள்விக்குச் சமயத்தில் உதவும்.

திண்டுக்கல் டிராகன்ஸைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். தமிழ்நாடு பிரீமியர் லீக் என்கிற டி.என்.பி.எல்.லில் 2018, 2019 இரண்டு பைனலும் தோற்று, 2024இல் அஸ்வின் தலைமையில் ஒருவழியாக ஜெயித்தார்கள். 2018இல் நம்மைத் தோற்கடித்தது மதுரை, அதற்கு முந்தின இரண்டு வருஷமும் அடிமட்டத்தில் கிடந்த மதுரை! அது போகட்டும். 2025 பைனல் நத்தத்திலேயே நடந்தது, திருப்பூரோடு. 118 ரன்னில் தோற்றோம். கீரனூர்க்காரனுக்கு வம்பு இங்கேதான் தொடங்குகிறது. நமக்குப் பக்கத்து ஊர் தாராபுரம், அது திருப்பூர் மாவட்டம். பாதிப் பேருக்குப் பெண் எடுத்த ஊர் அந்தப் பக்கம். பைனல் முடிந்த மறுநாள் மச்சான் போன் பண்ணுவான். எடுக்காமல் விட்டால் பயந்துவிட்டோம் என்று அர்த்தம். எடுத்ததும், "மச்சான், ரஞ்சியில நீயும் நானும் ஒரே கட்சிதான" என்று பேச்சைத் திருப்புங்கள். அவனுக்கு ரஞ்சி என்றால் என்னவென்று தெரியாது. குழம்பிப்போய் வைத்துவிடுவான்.

கடைசியாக, கோப்பை வந்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் யோசிப்பதே இல்லை. திடீரென்று வந்து நிற்கும்போது கை கால் ஓடாது. ஒரு வாரம் முன்பே பி.டி. வாத்தியாரிடம் பி.பி. மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். வெடி வாங்காதீர்கள், யார் வீட்டு விசேஷம் என்று தெரு முழுக்க விசாரிப்பார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் நீங்களே டீ சொல்லுங்கள். என்ன விசேஷம் என்பார்கள். தமிழ்நாடு கப் வாங்கிவிட்டது என்பீர்கள். "எது, டி.என்.பி.எல்.லா?" என்று ஒருவர் கேட்பார். அவசரத்தில் ஆமாம் என்று சொல்லித் தொலைக்காதீர்கள். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் தாராபுரத்துக்காரர் தலையைத் தூக்குவார்.